புனேயில் நான்கு ஸ்டூல், ஒரு தேற்றம்

இதுவரை இந்த வலைப்பூவில் அருவி, மலை, அணைக்கட்டு என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். கணக்குக்காக ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ரயிலில் போய் வந்த கதையை எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். நானும் பி.காம்.தான். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குக் கண்டிப்பாகப் புரியும்.

என் தங்கை வாசுகி கரூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம், மூன்றாம் ஆண்டு. புனேயில் ஒரு கல்லூரி, இளங்கலை மாணவர்கள் தாங்களே செய்த ஆய்வைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு நாள் நிகழ்ச்சி நடத்துகிறது. நாடு முழுவதிலிருந்தும் விண்ணப்பம் போடலாம். பதினான்கு பேரைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிடுகிறார்கள், அதில் மிகச் சிறப்பாகப் பேசும் மூன்று பேருக்குப் பரிசு. பரிசு என்றால் வெறும் சான்றிதழ் இல்லை. மே மாதம் முழுக்க அங்கேயே தங்கி, பேராசிரியர்களோடு உட்கார்ந்து ஆய்வு செய்யலாம். தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருகிறார்கள். போன பிப்ரவரியில் அந்தப் பதினான்கு பேரில் வாசுகியும் ஒருத்தி.

அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் பொருத்துகிற வேலை பார்ப்பவர். கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "அவ்வளவு தூரம் தனியா வேண்டாம். அக்கா கூடப் போகட்டும்" என்றார். அதோடு விட்டாரா? "பரிசு வந்தா எம்.எஸ்ஸி. படிக்கட்டும். வரலைன்னா பேசாம அக்கா மாதிரி பேங்க் பரீட்சை எழுதட்டும்" என்றும் சொல்லிவிட்டார். இந்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்ததே நான்தான். அதற்கு முன் எம்.எஸ்ஸி. என்ற பேச்சே வீட்டில் எடுக்க முடியாது. அதனால் பரிசு வராவிட்டால் அந்தச் செய்தியை வீட்டில் சொல்ல வேண்டியவளும் நான்தான் என்ற பயம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

கரூரிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வியாழக்கிழமை காலை 10.40க்கு ஈரோட்டில் மும்பை வண்டி ஏறினோம். படுக்கை வகுப்பு, ஒருவருக்கு 610 ரூபாய். வெள்ளிக்கிழமை மதியம் 1.25க்குப் புனே, நாற்பது நிமிடம் தாமதம். பிப்ரவரியில் பகலில் வெயில் ஒன்றும் செய்யாது. ஆனால் விடியற்காலையில் ஜன்னல் வழியே வரும் குளிர் காதைப் பிடித்துத் திருகும். போர்வையை மறந்துவிட்டு வந்த நான் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரயிலில்தான் வாசுகியின் தேற்றத்தைக் கேட்டேன். ஒரு சதுரங்கப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும். அதில் ஏதாவது ஒரு கறுப்புக் கட்டத்தையும் ஏதாவது ஒரு வெள்ளைக் கட்டத்தையும் வெட்டி எடுத்துவிடுங்கள். மீதிப் பலகையை, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டிரண்டாக மூடும் அட்டைத் துண்டுகளால் முழுக்க மூட முடியுமா? முடியும். எந்த இரண்டை வெட்டினாலும் முடியும். இது சதுரங்கப் பலகைக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயமாம். வாசுகி செய்தது, மொத்தக் கட்டங்கள் இரட்டை எண்ணாக உள்ள எந்த நீள்சதுரப் பலகைக்கும் இது பொருந்தும் என்று நிரூபித்து, குறைந்தது எத்தனை விதமாக மூடலாம் என்றும் கணக்கிட்டது.

"எப்படிடி நிரூபிச்ச?" என்றேன்.

"உனக்குப் புரியற மாதிரியே சொல்றேன். ஒரு கட்டத்துல கிளம்பு. எல்லாக் கட்டத்துக்கும் ஒரே ஒரு தடவை போ. கடைசியில கிளம்பின இடத்துக்கே வந்து சேரு. ஒரு ரவுண்டு ட்ரிப்."

"இது என் வேலையாச்சே!"

"அந்த ரவுண்டுல கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளைன்னு மாறி மாறித்தான் வரும். அதுல ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் எடுத்துட்டா, ரவுண்டு ரெண்டு துண்டாகும். ஒவ்வொரு துண்டும் ஒரு நிறத்துல ஆரம்பிச்சு மறு நிறத்துல முடியும். அப்ப ரெண்டு துண்டுலயும் இரட்டை எண். ரெண்டு ரெண்டா மூடிட்டே போ. முடிஞ்சுது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன். பள்ளியில் பத்து வருடம் கணக்குப் படித்திருக்கிறேன், ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. குண்டக்கல் தாண்டும் வரை டிக்கெட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுப் போட்டு மூடிக்கொண்டே இருந்தேன்.

தங்கியது பிம்ப்ரியில், பெரியப்பா மகன் செந்தில் அண்ணன் வீட்டில். புனே ரயில் நிலையத்துக்கு வெளியே வந்ததும் மெட்ரோ. நடுவில் ஒருமுறை வண்டி மாற வேண்டும், கட்டணம் 30 ரூபாய். ஆட்டோவில் போனால் முன்னூறைத் தாண்டும், நேரமும் கூட. செந்தில் அண்ணனுக்கு ஊரைத் தாண்டி ரஞ்சன்காவில் தொழிற்சாலை வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவார், கண்ணில் படுவதே அபூர்வம். எங்களைக் கவனித்துக்கொண்டது அண்ணிதான். அண்ணி புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் பேசும் தமிழைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

சனிக்கிழமை காலை அண்ணி எங்களை வாசலில் மறித்தார். "நாஷ்டா பண்ணிட்டுப் போங்க. போஹா பண்ணியிருக்கேன். மெட்ரோல கர்தி இருக்கும், சீக்கிரம் கிளம்பணும். வெளியில மிசல் விசல்னு எதையும் சாப்பிட்டுடாதீங்க. இன்னைக்குப் பேசணும், வயிறு கராப் ஆயிடும்."

கர்தி என்றால் கூட்டம். கராப் என்றால் கெட்டுப்போவது, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். தலையாட்டிவிட்டு ஆளுக்கு இரண்டு வாய் அவல் உப்புமா சாப்பிட்டுக் கிளம்பினோம். பிம்ப்ரியிலிருந்து சிவாஜிநகர் மெட்ரோவில் 25 ரூபாய், அரை மணிக்கும் குறைவு. 8.10க்கு இறங்கியாயிற்று. வாசுகியின் பேச்சு 11.20க்குத்தான். கையில் மூன்று மணி நேரம். எதிரே ஒரு மிசல் கடை. நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

மிசல் என்பது முளைகட்டிய பயறில் செய்த குழம்பு. மேலே மிக்சர், பொடியாக நறுக்கிய வெங்காயம், ஓரத்தில் மிதக்கும் சிவப்பு எண்ணெய். அதில் தொட்டுச் சாப்பிட இரண்டு பாவ், அதாவது பன். ஒரு தட்டு 90 ரூபாய், குழம்பு கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். கடை சின்னது, நல்ல கூட்டம். சுவரோரமாக ஒரு நீளப் பலகை, அதன் முன்னால் தரையோடு பதித்த நான்கு ஸ்டூல். நடு இரண்டில் அலுவலகப் பையோடு இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு இடமே இல்லை. இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் வாசுகி.

காரம் நாக்கில் ஏறியதும் எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்த இரண்டு பேரின் முதுகுக்குப் பின்னால் தலையை நீட்டிக் கத்தினேன்: "வாசு! நாலு ஸ்டூல்ல ரெண்டு போச்சு. மிச்சம் ரெண்டு பேரு சேந்து உக்கார முடியல பாரு. உன் தேற்றம் மகாராஷ்டிராவுல செல்லாதா?"

அவளும் சிரித்தாள். பன்னைக் குழம்பில் நனைத்து வாய் வரைக்கும் கொண்டு போனாள். அங்கேயே கை நின்றுவிட்டது.

நான்கு ஸ்டூலையும் வரிசையாகப் பார்த்தாள். அவள் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. நாங்கள் இருவர் மிச்சம். எங்கள் இரண்டு பேரையும் மூட எந்த அட்டைத் துண்டாலும் முடியாது.

"அக்கா," என்றாள். "ஒரே வரிசைன்னா ரவுண்டு ட்ரிப்பே கிடையாதுக்கா. போனா திரும்பி வர வழி இல்ல."

நடுவில் இருந்த இருவரும் ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் தட்டோடு எழுந்து, சேர்ந்து உட்காருங்கள் என்று கையால் காட்டினார். வாசுகி பதறிப்போய், "நோ நோ சார், ப்ளீஸ், டோன்ட் மூவ்!" என்று கத்தினாள். அவர் பயந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர்கள் அப்படி இருந்தால்தானே அவள் தேற்றம் தப்பு என்பதற்கு ஆதாரம்!

இப்போது சிரிப்பாக எழுதுகிறேன். அப்போது எனக்கு அப்பாவின் ஒப்பந்தம்தான் நினைவுக்கு வந்தது. மூன்று மாதம் வேலை செய்த தேற்றம். எட்டுக்கு எட்டு, ஆறுக்குப் பத்து என்று பெரிய பெரிய பலகைகளாகவே போட்டுப் பார்த்தவளுக்கு, ஒரே ஒரு வரிசை என்ற ஆகச் சின்னப் பலகையைப் பார்க்கத் தோன்றவில்லை. கணக்குக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பாம் இது. நிகழ்ச்சியின் கையேட்டிலோ "எந்த நீள்சதுரப் பலகைக்கும்" என்று அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்தாயிற்று.

கடைக்கு வெளியே நின்று கரூருக்கு, அவளுடைய கல்லூரி மூர்த்தி சாருக்குப் போன் செய்தாள். சாரும் நான்கு கட்டம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "அட ஆமாம்மா, நானும் கவனிக்கல பாரு. ஒண்ணும் பயப்படாத. 'குறைஞ்சது ரெண்டு வரிசை இருக்கணும்'னு ஆரம்பத்துலயே ஒரு வார்த்தை சேத்துச் சொல்லிடு. யாரும் கவனிக்க மாட்டாங்க. எத்தனை விதமா மூடலாம்னு வர்ற கடைசிப் பகுதியை மட்டும் விட்டுடாத, அதுதான் உன் சொந்த வேலை" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஒரு வார்த்தைதானே! ஆனால் வாசுகியின் முகம் தெளியவில்லை.

9.15க்கு ஆட்டோ பிடித்தோம். சிவாஜிநகரிலிருந்து கல்லூரி மூன்று கிலோமீட்டர், மீட்டரில் 52 ரூபாய். ஏறிய உடனே மிசல் கடை பில்லைத் திருப்பிப் போட்டு ஏதோ எழுத ஆரம்பித்தாள். ஆட்டோ குலுக்கிய குலுக்கலில் பேனா எங்கெங்கோ போனது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், "எக்ஸாம் ஹை க்யா?" என்று கேட்டார்.

"ஆமா பையா, எக்ஸாம் மாதிரிதான்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"டென்ஷன் நஹி. ஆராம் சே ஜாயேங்கே" என்றார். நிதானமாகப் போவோம் என்று சொன்னபடியே வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று நின்று ஏறி இறங்கினார். பின்னால் ஹாரன் அடித்தவர்களைக் கையால் போ போ என்று அனுப்பினார். புனே ஆட்டோக்காரர்களைப் பற்றி இணையத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள், நான் இந்த ஒருவரைப் பற்றி எழுதிக்கொள்கிறேன்.

பாதி வழியில் வாசுகி என் தொடையில் ஓங்கி அடித்தாள். "அக்கா! நாலு கட்டம் இருக்கற வரிசையில, மூட முடியாதபடி வெட்ட ஒரே ஒரு வழிதான். ஆறு கட்டம்னா மூணு வழி. எட்டுன்னா ஆறு. பத்துன்னா பத்து!"

"அதனால?"

"ஒண்ணு, மூணு, ஆறு, பத்து! ஒண்ணோட ரெண்டைக் கூட்டினா மூணு, மூணோட மூணைக் கூட்டினா ஆறு, ஆறோட நாலைக் கூட்டினா பத்து. தப்புக்குள்ள எவ்வளவு ஒழுங்கா ஒளிஞ்சிருக்கு பாரு! இதைச் சொல்லியே ஆகணும்க்கா."

"சொன்னா நேரம் பத்துமா?"

"கடைசிப் பகுதியை விட்டுடறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உனக்கென்ன பைத்தியமா? சார் அதைத்தானே விடாதேன்னாரு! ஒரு வார்த்தை சேத்துட்டுப் போடி. ஊருக்கெல்லாம் நான் தப்புப் பண்ணிட்டேன்னு தமுக்கடிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? பேங்க் பரீட்சைக்குப் புஸ்தகம் வாங்கிடட்டுமா?"

அவள் கோபப்படவே இல்லை. "அந்த வார்த்தையைச் சேத்தாச் சரியாயிரும்க்கா. ஆனா அது எதுக்கு அங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாதே" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதப் போய்விட்டாள்.

அரங்கில் நூற்றுச் சொச்சம் பேர். முன்வரிசையில் மூன்று நடுவர்கள். திரை, கணினி எதுவும் கிடையாது. சாக்பீஸும் கரும்பலகையும்தான், அது அங்கே கண்டிப்பான வழக்கம். ஒருவருக்கு இருபது நிமிடம், பதினேழாவது நிமிடத்தில் மணி. வாசுகிக்கு முன் பேசிய கொல்கத்தாப் பையன் பலகை முழுக்க எழுதி அசத்தியிருந்தான்.

வாசுகி மேலே போனாள். கையேட்டில் இருந்த தேற்றத்தை அப்படியே எழுதினாள். திரும்பி அரங்கைப் பார்த்து, அவளுடைய கரூர் ஆங்கிலத்தில், "உங்கள் கையில் உள்ள இந்தத் தேற்றம் தவறு" என்றாள்.

நடுவர்கள் கையேட்டைப் புரட்டினார்கள். அவள் நான்கு கட்டம் வரைந்தாள். நடு இரண்டைக் குறுக்கே அடித்தாள். முதல் கட்டத்தில் "அக்கா" என்றும் கடைசிக் கட்டத்தில் "நான்" என்றும் தமிழில் எழுதிவிட்டு, மிசல் கடைக் கதையைச் சொன்னாள். நடுவில் இருந்தவர் தட்டோடு எழுந்ததையும் இவள் கத்தியதையும் சொன்னபோது அரங்கமே சிரித்தது. எங்கே தவறியது, ரவுண்டு ஏன் முறிகிறது என்று காட்டினாள். பிறகு ஒன்று, மூன்று, ஆறு, பத்து. இத்தனைக்கும் ஏழு நிமிடம் போய்விட்டது. அப்புறம் இரண்டு வரிசையிலிருந்து தேற்றத்தை மறுபடி கட்டினாள். நிரூபணம் முடியும்போது மணி அடித்தது. மூன்று மாதம் உழைத்த கடைசிப் பகுதியை ஒரே வரியில் எழுதி, "இதற்கு நேரமில்லை, தேநீர் இடைவேளையில் கேளுங்கள்" என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

நடுவர்களில் வயதான ஓர் அம்மா கேள்வி கேட்டார். "இந்த ஒன்று, மூன்று, ஆறு கையேட்டில் இல்லையே. எப்போது கண்டுபிடித்தாய்?"

"இன்று காலை 9.25க்கு மேடம், ஆட்டோவில்."

அவர் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டார். எனக்கு அவ்வளவுதான், போச்சு என்று தோன்றியது. வாசுகி மட்டும் தேநீர் இடைவேளையில் நாக்பூர்ப் பெண் ஒருத்தியோடும் கொல்கத்தாப் பையனோடும் சேர்ந்துகொண்டு, பரிசையே மறந்துவிட்டுப் பலகையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

5.15க்கு முடிவு. அந்த வயதான அம்மாதான் மைக்கைப் பிடித்தார். பெயரை முதலில் சொல்லாமல், பரிசு எதற்கு என்பதை முதலில் சொன்னார். முதலாவது பரிசுக்கான விவரம் எனக்குப் புரியவே இல்லை, கொல்கத்தாப் பையன் எழுந்து போனான். இரண்டாவதற்குத் தாளைப் பார்த்து நிதானமாகப் படித்தார்: "காலை எட்டு மணிக்குத் தவறாக இருந்த ஒரு தேற்றத்துக்கு. அது தவறு என்பதை மறைக்காமல், அந்தத் தவறையே எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததற்கு."

பெயர் வருவதற்குள் நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். வாசுகி என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பிறகு அவளே அழுதாள். ஆட்டோவில் அவளை என்னவெல்லாம் திட்டினேன் என்று நினைத்து நானும் அழுதேன். மூன்றாவது பரிசு யாருக்கு என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை சரியாகத் தெரியாது.

வாசலில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தோம். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே பரிசு என்ற வார்த்தை மட்டும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். வெளியே வந்து, "எதுக்குக் குடுத்தாங்க?" என்றார். வாசுகி நான்கு ஸ்டூல் கதையைச் சொன்னாள்.

"இதுக்கா?" என்றார் அப்பா. "பஸ்ஸுல கடைசி வரிசையில தினமும் நடக்கறதுதானே. நடு சீட்டுல வந்து ரெண்டு பேரு உக்காந்துட்டா புருசன் பொண்டாட்டி ஆளுக்கொரு ஜன்னல்ல உக்காந்துதான் போகணும். என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!"

இரவு அண்ணியிடம் சொன்னபோது அவர் பங்குக்கு, "அப்போ என் போஹாவை விட்டுட்டு மிசல் சாப்பிட்டதுக்கு இனாமா?" என்று கேட்டார். இனாம் என்றால் அங்கே பரிசு.

ஞாயிறு காலை பர்வதி மலைக்குப் போனோம். நூற்றுச் சொச்சம் படி, மேலே நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். மாலையில் ரயில்.

இதே மாதிரிப் பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிப்ரவரியில் போனால் ரயிலுக்கு ஒரு போர்வை அவசியம். மெட்ரோ இருக்கும்போது ஆட்டோ வேண்டாம், மெட்ரோ இல்லாத இடத்துக்கு மீட்டர் போடச் சொல்லுங்கள், போடுவார்கள். மிசல் கேட்கும்போது காரம் குறைவாக என்று சொல்லுங்கள், சொன்னாலும் காரமாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் கணிதம் படிக்கும் பிள்ளை இருந்தால் கல்லூரியில் இந்த மாதிரி நிகழ்ச்சிகளைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். அது எழுதுவதை ரயிலிலாவது உட்கார்ந்து கேளுங்கள். புரியாவிட்டால் கேலியாவது செய்யுங்கள், என் கேலி வீண்போகவில்லை.

ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்பே திறந்துவிடும், அன்று காலையிலேயே போட்டுவிட வேண்டும். மே மாதத்து டிக்கெட்டுக்காக நான் விடுப்புக் கணக்கெல்லாம் பார்த்து, மொபைலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈரோடு முதல் புனே வரை, படுக்கை வகுப்பு. எத்தனை பயணிகள் என்ற இடத்தில் இரண்டு என்று போட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா குனிந்து, "ஒண்ணு போதும்மா, அவ போயிட்டு வந்துடுவா" என்றார்.